அம்மாவின் செவ்வந்தியும் இரவு ஒன்பது மணியும்

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு இருக்க வந்தபோது, ஒரு காகிதப் பொட்டலத்தில் காய்ந்த செவ்வந்திப் பூக்களையும் கொண்டுவந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. மண் என்று சொல்ல ஒரு முழ இடம் இல்லை. விறாந்தையிலும் மதிலோரத்திலும் இருபத்தாறு பூச்சாடிகள், அவ்வளவுதான். அம்மா விதையைப் பிரித்து ஐந்து சாடிகளில் போட்டார். முளைத்து நாலு விரல் உயரம் வந்தது. மே மாத மழை தொடங்கிய கிழமையே ஒரு காலையில் பார்த்தால் ஐந்திலும் தண்டு மட்டும் நின்றது. சாடியின் விளிம்பிலிருந்து மதில்வரை வெள்ளிக் கோடு போட்டதுபோல் நத்தையின் சளி காய்ந்து கிடந்தது.

சாமிப் படத்துக்கு வைக்கத்தான் அம்மா அந்தப் பூவை வளர்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தண்டுகளைப் பிடுங்கிவிட்டு மிச்ச விதையைப் போட்டார். எனக்கு அது தாங்கவில்லை.

இது ஊரில் வயல் கரையில் பார்க்கிற சின்ன நத்தை அல்ல. கிழக்கு ஆபிரிக்காவின் பெரிய நத்தை. 1847இல் மொரீசியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள், 1900 அளவில் இலங்கைக்கும் வந்துவிட்டது. முழுதாக வளர்ந்தது என் உள்ளங்கையை நிரப்பும். ஆண், பெண் இரண்டும் ஒரே உடம்பில். ஒரு தடவையிலேயே நூற்றுக்கு மேல் முட்டை இடும்.

முதலில் எல்லாரும் சொல்வதையே நானும் செய்தேன். முட்டைக்கோதை நொறுக்கிச் சாடியைச் சுற்றிப் போட்டேன். அதன்மேல் ஏறியே வந்தன. பிறகுதான் விஷயம் புரிந்தது: ஓடு வளர நத்தைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். எங்கள் பழைய மதிலின் வெள்ளையடிப்பைக்கூடச் சுரண்டித் தின்கிறது, டோர்ச் அடித்தால் அந்தத் தடம் தெரியும். அதற்கு நானே முட்டைக்கோதைப் பரிமாறியிருக்கிறேன். அம்மா உப்புத் தூவினார். நத்தை செத்ததுதான், ஆனால் மழை உப்பைச் சாடிக்குள் இறக்கிவிட, ஒரு பால்சம் கன்று ஓரம் கருகிப் போய்விட்டது. சாடி மண்ணில் உப்புப் போடவே வேண்டாம். கடையில் விற்கும் நத்தைக் குளிகையை நான் வாங்கவில்லை. அதில் உள்ள மெட்டல்டிஹைட் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் சாடிகளுக்கு நடுவில்தான் படுக்கும்.

கடைசியில் பலன் தந்தது இரண்டு கேள்விகள். இரவில் எப்போது வருகிறது? பகலில் எங்கே படுக்கிறது?

முதல் கேள்விக்கு விடை ஒன்பது மணி. மழை விட்ட இரவென்றால் இன்னும் முந்தி. கையில் ஷொப்பிங் பையை உறைபோல் மாட்டிக்கொண்டு, மூடியுள்ள வாளியில் கெட்டியான உப்புத் தண்ணீரோடு இறங்கினேன். முதல் இரவு நாற்பத்து மூன்று. வெறுங்கையால் தொடாதீர்கள், இதை அழுத்தியே சொல்கிறேன். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு நத்தை வழியாக மனிதருக்கு வந்து மூளையைச் சுற்றிய சவ்வைத் தாக்கக்கூடும். சாடியில் வல்லாரை வளர்த்துப் பச்சையாகச் சம்பல் போடுகிறவர்கள் ஒவ்வொரு இலையாகக் கழுவுங்கள். செத்த நத்தையின் ஓட்டையும் அப்படியே எறியக்கூடாது. மழைத் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும். கொழும்பில் டெங்குவோடு இருக்கிறோம். நான் மிதித்து நொறுக்கிப் புதைக்கிறேன்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஒரு ஞாயிறு காலை இருபத்தாறு சாடிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். சாடியின் அடித் துளை, தட்டின் கீழ்ப்புறம், ஒர்க்கிட் சாடியில் போட்ட பொச்சுமட்டைத் துண்டுகளின் இடுக்கு, எல்லா இடத்திலும் நகத்தளவு குட்டிகள். விரலால் மண்ணைக் கிளறினால் ஊறிய சவ்வரிசி மாதிரி, கொஞ்சம் மஞ்சளாக, கொத்துக் கொத்தாக முட்டை. அதிகம் இருந்தது நான் அண்மையில் வாங்கிய இரண்டு சாடிகளில். காசு கொடுத்து நானே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இப்போது எந்தக் கன்று வாங்கினாலும் மண்ணை உதறிப் பார்க்காமல் மற்றச் சாடிகளோடு வைப்பதில்லை.

அப்புறம் சாடிகளை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினேன். கால்களில் பழைய வயரிலிருந்து உரித்த செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினேன். சின்னவை திரும்பிப் போகின்றன, பெரியவை சில சமயம் எட்டித் தாண்டுகின்றன. ஆனால் ஒரே ஒரு இலை மதிலில் முட்டினாலும் அதுவே அவற்றுக்குப் பாலம், செம்பு வீண். அதனால் மதிலிலிருந்து ஒரு முழம் தள்ளியே ஸ்டாண்டை வைத்திருக்கிறேன். பின்னேரம் தண்ணீர் ஊற்றுவதையும் விட்டுவிட்டேன். காலையில் ஊற்றினால் இரவுக்குள் மேல்மண் காய்ந்துவிடும், ஈரமில்லாத இடத்தில் நத்தை சிரமப்பட்டே நகரும். மதில் மூலையில் நனைந்த சாக்கொன்றை விரித்து, கீழே பப்பாசித் தோல் வைக்கிறேன். விடியும்போது பாதி நத்தைகள் அதற்குள் படுத்திருக்கும், தேடி அலைய வேண்டியதில்லை.

இன்னொரு சந்தோஷம்: பின் வளவு மாமரத்துக்கு ஒரு செண்பகம் வருகிறது. நத்தையைத் தின்னும் பறவை அது. குளிகை போடாமல் விட்டது இதற்காகவும் நல்லதாகப் போயிற்று.

போன கிழமை ஒரு இரவுக்கு இரண்டு மூன்றுதான் கிடைத்தன. ஒக்டோபர் மழையோடு திரும்பக் கூடும், பக்கத்து வெறும் வளவில் பற்றை மண்டிக் கிடக்கிறது. அதைத் துப்புரவாக்கித் தரும்படி உரிமையாளரிடம் கேட்டிருக்கிறோம். மூன்றாம் தடவை போட்ட செவ்வந்தியில் நேற்று ஏழு பூ. அம்மா ஐந்தைப் பறித்துச் சாமிக்கு வைத்தார், இரண்டை விதைக்கென்று செடியிலேயே விட்டிருக்கிறார்.