திருகோணமலை வீட்டுக்குச் செம்மண் நிறம்: டப்பா திறக்கும் முன்னும் பின்னும்

மண் நிறம் பூச நினைப்பவர்கள் நிற அட்டையை விரிக்குமுன் சுவரின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். உப்புவெளி, அலஸ்தோட்டம், திருக்கடலூர் போன்ற கடலோரப் பகுதிகளில் பல வீடுகளின் சுவர், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை உவர்த்து வெள்ளையாகப் பூத்திருக்கும். வெள்ளைச் சுவரில் அது கண்ணில் படாது. செங்காவியில் ஒரு மாரி கழிவதற்குள் திட்டுத் திட்டாகத் தெரியும், அதன் மேல் எத்தனை கோட் பூசினாலும் திரும்ப வரும்.

ஓர் அடிச் சதுரப் பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் ரேப்பால் இறுக ஒட்டி, ஒரு நாள் முழுதும் விடுங்கள். சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் உள்ளேயிருந்து வருகிறது. பீலித் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, வெளிநிலம் வீட்டுத் தரையை விட உயர்ந்திருக்கிறதா, குளியலறைக் குழாய் கசிகிறதா என்று தேடி, அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிறஷால் தேய்த்து, விழுந்த தூளைக் கூட்டி வெளியே கொட்டுங்கள். புதுச் சீமெந்துப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காயவிட்டு, சீமெந்தின் காரத்தைத் தாங்கும் பிறைமர் என்ற அடிப்பூச்சை அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் நிறம் வெளிறித் திட்டாகும்.

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, மாசிக்குப் பின் தொடங்குவது நல்லது. கச்சான் வீசும் மாதங்களில் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியத்தின் வறண்ட சூட்டுக் காற்றில் ஓரம் உடனே காய்ந்து, றோலர் சேர்ந்த இடமெல்லாம் கோடு விழும். பூசும்போது மின்விசிறி சுழலக் கூடாது, காற்று வரும் பக்கத்து யன்னலும் சாத்தியிருக்க வேண்டும்.

இனி வெளிச்சம். அட்டையில் விரலளவு துண்டாகப் பார்க்கும் நிறம் முழுச் சுவரில் ஏறும்போது இன்னும் ஆழமாகத் தோன்றும். பிடித்ததை விட ஒரு படி இளசாக எடுங்கள். இரண்டடி அட்டை ஒன்றில் இரு கோட் பூசி, காலையிலும் பின்நேரம் நாலு மணிக்கும் இரவிலும் அதே சுவரில் சாய்த்து வைத்துப் பாருங்கள். மேற்கு வெயில் விழும் அறையில் செம்மண் நிறம் செம்மஞ்சளாக எரியும். அங்கே கபிலம் கலந்த, மங்கலான மண் நிறம்தான் நிற்கும். இரவில் கெடுப்பது மின்குமிழ். நம் வீடுகளில் அதிகம் எரியும் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை எல்இடி, மண் நிறத்தைச் சேற்று நிறமாக்கிவிடும். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள குமிழுக்கு மாற்றினால் அதே சுவர் உயிர்பெறும். குமிழ் மாற்ற மனமில்லாதவர்கள் இந்த நிறத்தையே விட்டுவிடலாம்.

பழைய வீட்டில் சிவப்புச் சீமெந்துத் தரை இருந்தால் சுவரிலும் சிவப்பு வேண்டாம், அறை மூச்சுமுட்டும். அங்கே வைக்கோல் நிறமோ இள மணல் நிறமோ போதும், தரையே அறைக்கு வேண்டிய சூட்டைத் தந்துவிடும். மற்ற வீடுகளில் ஹோலின் ஒரு சுவருக்கு மட்டும் செம்மண், மிச்சத்துக்கும் சீலிங்குக்கும் மஞ்சள் சாயல் கலந்த வெள்ளை. தூய வெள்ளையைப் பக்கத்தில் வைக்காதீர்கள். கோயில் மதிலின் வெள்ளை–காவிப் பட்டையில் பழகிய கண் நமக்கு, மனம் அங்கேதான் போகும். வார்னிஷ் அடித்த முதிரைக் கதவும் தரையில் ஒரு பன்பாயும் இந்த நிறத்தோடு அழகாகச் சேரும்.

கணக்கு எளிது. 12 அடிக்கு 10 அடிச் சுவர் 120 சதுர அடி. ஒரு லீற்றர் இமல்ஷன் ஒரு கோட்டில் ஏறத்தாழ 100 சதுர அடிக்கு வரும். ஆழ்ந்த நிறங்கள் இரண்டு கோட்டில் மூடுவது அரிது. மூன்று என்று வைத்தால் 3.6 லீற்றர், அதாவது ஒரு 4 லீற்றர் டப்பா. பிறைமரிலும் கொஞ்சம் அதே நிறம் கலந்து வாங்கினால் மூன்றாவது கோட் தேவைப்படாமல் போகலாம். இரண்டு டப்பா தேவையென்றால் ஒரே நாளில் வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாக்கிக் கலக்கிய பிறகே பூசுங்கள். பிறகு வாங்கும் டப்பா நிறத்தில் மயிரிழை மாறினாலும் நடுச் சுவரில் காட்டிக்கொடுக்கும். கோட்டுக்கு இடையில் நான்கு மணி நேரமாவது காய வேண்டும். மினுக்கமே இல்லாத மட் பூச்சில் கை, கதிரை உரசிய இடம் வெளிறித் தெரியும். ஆட்கள் நடமாடும் ஹோலுக்கு மெல்லிய மினுக்கம் உள்ளதே ஏற்றது.

சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய வீடுகளுக்கு இமல்ஷன் பொருந்தாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் தோலாக உரியும். நீற்றிய சுண்ணாம்பில் காவித்தூள் கலந்து, சுவரை லேசாக நனைத்து, பால் பதத்தில் நான்கைந்து மெல்லிய கோட் அடிக்கலாம். காவி, சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கையில் ஒட்டும். ஈரத்தில் கடுமையாகத் தெரியும் நிறம் காயும்போது மிகவும் வெளிறும், ஆகையால் ஒரு மூலையில் பூசிக் காயவிட்டுப் பார்த்தபின் அளவைத் தீர்மானியுங்கள்.