மைனர் பார் கார்டு: மூன்றாவது கம்பியில்தான் விஷயம்

கிட்டார் வாங்கி எட்டு மாதத்தில் ஈ மைனர், ஏ மைனர், டி மைனர் மூன்று கார்டும் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) எனக்குத் தடையில்லாமல் வந்துவிட்டன. பெங்களூரு அல்சூரில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் கிறிஸ்துமஸுக்கு வாசிக்கச் சேர்ந்தபோதுதான் பார் கார்டு, அதாவது ஒரே விரலைக் கம்பிகளின்மேல் குறுக்காகக் கிடத்திப் பிடிக்கும் கார்டு, குறுக்கே வந்து நின்றது. டி மேஜரில் பாட்டு என்றால் பி மைனர் அநேகமாக வந்தே தீரும், எஃப் ஷார்ப் மைனரும் அடிக்கடி வரும். இரண்டும் பிடிக்க எனக்கு ஆறு வாரம் ஆனது. முதல் மூன்று வாரத்தை வெறும் அழுத்தத்திலேயே செலவழித்தேன். இப்போது தொடங்குகிறவர்களுக்கு அந்த மூன்று வாரம் மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எஃப் ஷார்ப் மைனர். இது ஈ மைனரின் வடிவம்தான், இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்) தள்ளிப் பிடிக்கிறோம், அவ்வளவே. கம்பிகளில் மெல்லியது முதலாவது, தடித்தது ஆறாவது. இரண்டாவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் குறுக்கே மூடும். நான்காவது ஃப்ரெட்டில் மோதிர விரல் ஐந்தாவது கம்பியிலும் சுண்டு விரல் நான்காவது கம்பியிலும் உட்காரும். பார்க்க மேஜரைவிட எளிது, ஒரு விரல் குறைவு. ஆனால் கஷ்டமே அங்கேதான். மேஜரில் மூன்றாவது கம்பியை நடுவிரல் தனியாகப் பிடித்துக்கொள்ளும். மைனரில் அந்த விரலை எடுத்துவிடுகிறோம், கம்பி ஆள்காட்டி விரலின் பொறுப்புக்கு வந்துவிடுகிறது. கார்டை மைனராக்கும் ஸ்வரம் அந்த ஒரு கம்பியில்தான் இருக்கிறது. அது ஒலிக்காவிட்டால் கேட்கிறவருக்கு மேஜரா மைனரா என்றே தெரியாது.

எனக்கு ஒலிக்காததும் அதேதான். குழுவில் வெகுகாலமாக வாசிக்கும் அண்ணன் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஸ்ட்ரம் பண்ணாத தம்பி, ஒவ்வொரு கம்பியா தட்டு" என்றார். ஆறு, ஐந்து, நான்கு நன்றாகக் கேட்டன. மூன்றாவது 'டப்' என்று செத்தது. "இப்ப விரலை எடுத்து என்கிட்ட காட்டு" என்றார். ஆள்காட்டி விரலில் கம்பிகளின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது. மூன்றாவது கம்பியின் தடம் மட்டும் இல்லை. நுனியிலிருந்து முதல் மடிப்பு இருக்கிறதே, அந்தப் பள்ளத்துக்குள் கம்பி சரியாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. அங்கே எவ்வளவு அழுத்தினாலும் எலும்பின் பலம் கம்பிக்குப் போகாது.

விரலை ஒரு நூல் அளவு மேலே தள்ளினேன். மடிப்பு இரண்டு கம்பிகளுக்கு நடுவில் விழுந்தது. ஒலி வந்துவிட்டது. எல்லாருக்கும் மடிப்பு ஒரே இடத்தில் இருக்காது. சிலர் மேலே தள்ள வேண்டும், சிலர் கீழே. அதனால் தடத்தைப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும்.

அதோடு, விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் உருட்டி வையுங்கள். அந்த ஓரத்தில் சதை குறைவு, எலும்பு பக்கத்தில் இருக்கும். ஃப்ரெட் கம்பியை ஒட்டி அழுத்தினால் பாதி பலம் போதும். முழங்கையை உடம்பை ஒட்டி வைத்துக்கொண்டு கையின் எடையாலேயே கழுத்தைப் பின்னால் இழுப்பதுபோல் பிடித்தால் கட்டைவிரலால் நசுக்க வேண்டியதில்லை. நடுவிரல் சும்மா இருக்கிறதே, ஆரம்பத்தில் அதை ஆள்காட்டி விரல்மேல் ஏற்றித் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது ஃப்ரெட்டில் தொடங்குங்கள். அங்கே இதே வடிவம் ஏ மைனர். நன்றாக ஒலித்த பிறகு நான்கு, மூன்று, இரண்டு என்று ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்கி வாருங்கள். முதல் ஃப்ரெட்டில் வரும் எஃப் மைனரைக் கடைசிக்கு விட்டுவிடலாம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை போதும். விரல் நுனி எரிவது சகஜம். மணிக்கட்டிலோ கட்டைவிரல் அடியிலோ வலித்தால் உடனே நிறுத்துங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்: கிட்டாரே ஒத்துழைக்கிறதா என்று. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, இரண்டாவது ஃப்ரெட்டில் பார் பிடித்துப் பாருங்கள். திடீரென்று கார்டு சுலபமானால் நட்டில் (கழுத்தின் நுனியில் கம்பிகள் உட்காரும் பட்டை) கம்பிகள் உயரமாக நிற்கின்றன. என் கிட்டாரில் அப்படித்தான் இருந்தது. பளேபேட்டையில் வாத்தியக் கடைகள் இருக்கும் தெருவில் கொடுத்து நட்டை ராவி வாங்கினேன், கம்பியையும் 12-இலிருந்து அதைவிட மெல்லிய 11-க்கு மாற்றிக்கொண்டேன். நீங்களே அரத்தை எடுக்காதீர்கள், கொஞ்சம் கூடுதலாக ராவிவிட்டால் கம்பி உறுமும்.

பி மைனர் அப்புறம் அவ்வளவு படுத்தவில்லை. அது ஏ மைனர் வடிவம். ஆள்காட்டி விரல் இரண்டாவது ஃப்ரெட்டில் ஐந்தாவது கம்பியையும் முதல் கம்பியையும் ஒலிக்க வைத்தால் போதும், நடுவில் உள்ள மூன்றை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. மைனர் ஸ்வரமும் இங்கே இரண்டாவது கம்பியில், மூன்றாவது ஃப்ரெட்டில், நடுவிரலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

டிசம்பர் ஒத்திகையில் பாடுகிறவர்கள் அரை ஸ்வரம் ஏற்றச் சொன்னார்கள். பி மைனரில் இருந்த கையைக் கலைக்காமல் ஒரு ஃப்ரெட் தள்ளினேன். சி மைனர், ஐந்து கம்பியும் கேட்டது.