மூணு நிமிஷ ‘பாடி அண்ட் சோல்’

ராத்திரி மறுபடியும் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ்தான், அவருடைய ‘பாடி அண்ட் சோல்’ பதிவுதான். நாலாவது தடவை கேட்கிறேன்.

1939 அக்டோபர் 11, நியூயார்க்கில் பதிவானது. ஜானி கிரீன் 1930-இல் போட்ட மெட்டைத் தொடக்கத்தில் ஹாக்கின்ஸ் லேசாகத் தொட்டுக் காட்டுகிறார், அவ்வளவுதான். அப்புறம் அந்த டெனர் சாக்ஸபோன் மெட்டை விட்டுவிட்டு, அடியில் ஓடும் கார்டுகளை (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை) பிடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறது. பின்னால் வந்த, பீபாப் என்ற வேகமான, சிக்கலான ஜாஸ் பாணியை வாசித்த கலைஞர்களுக்கு இது ஒரு பாடம்.

நடுப்பகுதியில் பாட்டு தன் சொந்தச் சுருதியான டி ஃபிளாட்டிலிருந்து அரைச் சுரம் மேலேறி டி மேஜருக்குப் போகும். அங்கிருந்து படிப்படியாக வழுக்கி இறங்கி அந்தச் சொந்தச் சுருதிக்கே வீடு திரும்புகிற இடம் இருக்கிறதே… அப்பா! ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிவிடுகிறேன். பாட்டு முழுசாக இரண்டாவது முறை வரும் சுற்றில் அவர் மெட்டை வாசிப்பதே இல்லை, ஆனாலும் மனசு அதைக் கூடவே பாடிக்கொண்டிருக்கிறது.

ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். கடைசியில் அவர் தனியாக நிற்கும்போது மூச்சுக்காற்று கேட்கும்.