எங்கள் கட்டுத்தரையில் சர்ரா: நான்கு மாதப் பரிசோதனை அனுபவம்

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், குப்பனூரிலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதைக்கு அருகில் எங்கள் தோட்டம் இருக்கிறது. கடிக்கும் ஈக்கள் மாடுகளுக்குப் பரப்பும் சர்ரா என்ற இரத்த ஒட்டுண்ணி நோய் அங்கே வந்த கதை இது. கட்டுத்தரையில் அப்போது நான்கு உருப்படிகள் இருந்தன: செவலை, லட்சுமி என்ற இரண்டு கலப்பின ஜெர்சி கறவைகள், வெள்ளச்சி என்ற ஒரு கிடேரி, லட்சுமி ஈன்று இருபது நாள்கூட நிறையாத ஒரு கன்று. ஐப்பசி மழை ஓய்ந்து, கடித்தால் இரத்தம் சொட்டச் செய்யும் பெரிய மாட்டு ஈக்கள் பெருகியிருந்த நாள்களில், வேளைக்கு ஆறு லிட்டர் கறந்த செவலை இரண்டு லிட்டருக்கு இறங்கியது. கண்ணில் நீர் வடிந்தது, காதுகள் தொங்கின, தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கியது.

எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். உண்ணி பரப்பும் இரத்த நோய்களில், நிணநீர்க் கட்டிகள் வீங்காததால் தைலீரியாவும், சிறுநீர் சிவக்காததால் பபீசியாவும் முதல் சந்தேகத்தில் இல்லை என்று சொல்லி, காது இரத்தக் குழாயிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடி வில்லையில் பூசிக்கொண்டு போனார். பூச்சில் எந்த ஒட்டுண்ணியும் தென்படவில்லை. ஆக்சிடெட்ராசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்ட பிறகு காய்ச்சல் இரண்டு நாள் தணிந்தது. நாங்களும் நோய் தீர்ந்தது என்று நம்பினோம். அந்த இரத்தம் எடுக்கப்பட்டது காய்ச்சல் விட்டிருந்த ஒரு நண்பகல் நேரத்தில் என்பதை அப்போது யாரும் பெரிதாக எண்ணவில்லை. நான் மிகவும் வருந்துவது அந்த ஒரு வாரத்தை இழந்ததற்காகத்தான்.

காய்ச்சல் திரும்பி வந்தபோது, காலை ஐந்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் வெப்பமானி வைத்து ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். ஒரு நாள் 104.6 டிகிரி ஃபாரன்ஹீட், அடுத்த இரண்டு நாள் 101.8, பிறகு மீண்டும் 104 என்று அலைபோல ஏறி இறங்கிய அந்தக் கணக்கைப் பார்த்தவுடன்தான் மருத்துவர் சர்ராவாக இருக்கலாம் என்றார். சர்ராவை உண்டாக்கும் டிரிப்பனோசோமா இவான்சி என்ற ஓரணு உயிரி இரத்தத்தில் நீந்தி வாழ்வது. 1880இல் கிரிஃபித் இவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் குதிரைகளின், ஒட்டகங்களின் இரத்தத்தில் இதைக் கண்டறிந்தார். இதன் உடல் முழுவதையும் ஒரு புரத மேலாடை மூடியிருக்கிறது. மாட்டின் உடல் அந்த மேலாடைக்கு எதிரான ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்பொருளை, உருவாக்கிப் பெரும்பாலான ஒட்டுண்ணிகளை அழிக்கும்போது காய்ச்சல் தணிகிறது. அதற்குள் வேறு மேலாடைக்கு மாறிவிட்ட சில தப்பிப் பெருகுகின்றன. காய்ச்சல் மீண்டும் ஏறுகிறது. அலையின் பள்ளத்தில் எடுத்த இரத்தத்தில் ஒட்டுண்ணி கண்ணுக்குப் படாமல் போவது இதனால்தான். குதிரையை விட மாட்டின் இரத்தத்தில் இவற்றின் எண்ணிக்கை பெரும்பாலும் மிகக் குறைவு என்பதால் சிக்கல் இன்னும் கூடுகிறது.

பதற்றத்தில் ஒரு தனியார் ஆய்வகத்துக்கு இரத்தம் அனுப்பினோம். வந்த தாளில் "சர்ரா: பாசிட்டிவ்" என்று ஒரு வரி மட்டுமே இருந்தது. எந்த முறையில் பார்த்தார்கள், எதைத் தேடினார்கள் என்று அதில் இல்லை. கேட்டபோதும் விளக்கம் கிடைக்கவில்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது என்று எங்கள் மருத்துவர் உறுதியாகச் சொல்லி, நான்கு உருப்படிகளின் மாதிரிகளையும் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

கொண்டுபோனதிலும் ஒரு தவறு நேர்ந்தது. ஒவ்வொரு மாட்டுக்கும் இரண்டு குழாய்கள்: இரத்தத்தை உறையவிட்டுச் சீரம் என்ற தெளிநீரைப் பிரிப்பதற்குச் சிவப்பு மூடி, உறையாமல் வைத்துக் கிருமியைத் தேடுவதற்கு ஊதா மூடி. குழாய்களைப் பனிக்கட்டியின் மேல் நேரடியாகப் படும்படி வைத்து, வண்டியில் குலுங்கக் குலுங்க எடுத்துச் சென்றதால் இரத்த அணுக்கள் உடைந்து, சீரம் வைக்கோல் நிறத்தில் இல்லாமல் சிவந்துபோயிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுமுறை குழாய்களைத் துணியில் சுற்றி, பனிக்கட்டிக்கும் அவற்றுக்கும் இடையில் அட்டை வைத்து, செவலைக்குக் காய்ச்சல் ஏறியிருந்த விடியற்காலையில் எடுத்து, சில மணி நேரத்துக்குள் சேர்த்தோம்.

ஆய்வகத்தில் இருந்த பேராசிரியர் பரிசோதனையை என் கண்முன்னே செய்து காட்டினார். பரிசோதனைக்குப் பயன்படும் திரவத்தில் டிரிப்பனோசோமா உயிரிகள் கொல்லப்பட்டு, நீலச் சாயம் ஏற்றப்பட்டு மிதக்கின்றன. வெள்ளை அட்டையில் அந்தத் திரவத்தின் ஒரு துளியோடு மாட்டின் சீரத்தைக் கலந்து ஐந்து நிமிடம் சுழற்றினார்கள். சீரத்தில் ஆன்டிபாடி இருந்தால் நீலத் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திட்டுத் திட்டாகத் திரளும். இல்லாவிட்டால் நீலம் சீராகப் பரவி நிற்கும். ஆன்டிஜென் என்ற சொல் பெட்டியின் மேல் இருந்ததால் இது ஆன்டிஜென் பரிசோதனை என்றே நான் நினைத்திருந்தேன். அவர் திருத்தினார்: கிட்டில் இருப்பது ஆன்டிஜென் என்றால் அது தேடுவது ஆன்டிபாடியை, கிட்டில் பூசியிருப்பது ஆன்டிபாடி என்றால் அது தேடுவது ஆன்டிஜெனை, அதாவது கிருமியின் உடலையோ அது வெளிவிடும் புரதத்தையோ. முதலாவது, மாட்டின் உடல் அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது என்று சொல்லும். இரண்டாவது, கிருமியின் பொருள் இப்போது உடலில் இருக்கிறது என்று சொல்லும். சர்ராவைப் பொறுத்தவரை ஆன்டிஜென் பரிசோதனைகளை விட, இரத்தத்தைச் சுழற்றி வெள்ளணுப் படலத்தின் ஓரத்தில் தேடுவதையும், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையையும்தான் தாம் நம்புவதாக அவர் சொன்னார்.

நான்கு சீரங்களில் மூன்று திரண்டன: செவலை, லட்சுமி, கன்று. வெள்ளச்சியினுடையது திரளவில்லை. நான் நிலைகுலைந்துபோனேன், லட்சுமி நன்றாகக் கறந்துகொண்டிருந்தது, கன்று துள்ளிக்கொண்டிருந்தது. ஆனால் அடுத்த மூன்று வாரங்களில் அந்த மூன்று பாசிட்டிவும் மூன்று வெவ்வேறு பொருள் கொண்டவை என்று தெரியவந்தது.

செவலையின் இரத்தத்தை நுண்குழாயில் சுழற்றி நுண்ணோக்கியில் வைத்தபோது, அணுக்களைத் தள்ளிக்கொண்டு நெளிந்த உயிரிகளை நானே பார்த்தேன். பிசிஆரும் உறுதிப்படுத்தியது. சிவப்பணுக்களின் கன அளவு 18 விழுக்காடாக இறங்கியிருந்தது. அது ஆரோக்கியமான மாட்டுக்குக் குறைந்தது 24 இருக்க வேண்டும். இது நடப்பு நோய், உடனே மருந்து. உடல் எடையைக் கண்ணால் மதிப்பிடாமல், நாடாவால் மார்புச் சுற்றளவை அளந்து கணக்கிட்டுக் குவினாபிரமின் ஊசியைத் தோலுக்கடியில் போட்டார்கள். அளவு குறைந்தால் கிருமி தப்பி, மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். ஊசி போட்ட இடம் சில நாள் வீங்கியிருந்தது. மருத்துவர் சொன்ன நாள்கள் முடியும் வரை அதன் பாலைச் சங்கத்துக்கு ஊற்றவில்லை.

லட்சுமியிடம் முதல் முறை கிருமி கிடைக்கவில்லை, பிசிஆரும் நெகட்டிவ். முன்பு வந்து நீங்கிய தொற்றின் மிச்சமா, கிருமி மிகக் குறைந்த எண்ணிக்கையில் ஒளிந்திருக்கிறதா என்று ஒரே மாதிரியை வைத்துச் சொல்ல முடியாது என்றார் பேராசிரியர். மாடும் எருமையும் நோய்க்குறி காட்டாமல் இக்கிருமியை நெடுநாள் சுமக்கக் கூடியவை. இரண்டு வாரம் கழித்து எடுத்த இரத்தத்தில் பிசிஆர் பாசிட்டிவ் வந்தது. அட்டையில் திரண்ட நீலம் முன்பே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. லட்சுமிக்கும் மருந்து போடப்பட்டது. இந்நோயைப் பரப்பும் அந்தப் பெரிய மாட்டு ஈக்களின் உடலில் கிருமி வளர்வதில்லை. ஒரு மாட்டைக் கடித்துப் பாதியில் விரட்டப்பட்ட ஈ, வாயில் ஒட்டிய இரத்தத்தோடு அடுத்த மாட்டில் உட்காரும்போதே நோய் தாவுகிறது என்பதால், இரண்டையும் தனியாகக் கட்டி மாலையில் வேப்பிலை மூட்டம் போட்டோம். ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குப் பயன்படுத்துவதும் அதே வேலையைத்தான் செய்யும். அதன் பிறகு தடுப்பூசி முகாம்களிலும் ஒவ்வொரு மாட்டுக்கும் புது ஊசி கேட்டு வாங்குகிறேன்.

கன்றின் பாசிட்டிவ்தான் எனக்கு மிகுந்த வியப்பைத் தந்தது. மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக ஆன்டிபாடி கன்றுக்குச் செல்வதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் இருந்தே கன்று தன் தாயின் எதிர்ப்பொருளைப் பெறுகிறது. எங்கள் கன்று சீம்பாலை வயிறு நிறையக் குடித்திருந்தது. லட்சுமியின் ஆன்டிபாடிதான் கன்றின் சீரத்தில் நீலத்தைத் திரட்டியது. தாயிடமிருந்து கருவிலேயே தொற்றுவதற்கும் வாய்ப்பு உண்டு என்பதால் இரண்டு முறை பிசிஆர் பார்த்தார்கள். இரண்டிலும் கிருமி இல்லை. அந்தத் தனியார் தாளின் ஒற்றை வரியை நம்பி மருந்து போட்டிருந்தால், நோயே இல்லாத இளங்கன்றுக்கும் அந்தக் கடுமையான ஊசி போயிருக்கும்.

வெள்ளச்சியின் நெகட்டிவையும் உடனே நம்பவில்லை. தொற்றிய முதல் நாள்களில் உடல் ஆன்டிபாடி உண்டாக்கியிருக்காது என்பதால் மூன்று வாரம் கழித்து மீண்டும் பார்த்தோம், அப்போதும் திரளவில்லை.

இரண்டாம் மாதம் செவலையை வாங்க ஆத்தூர்ப் பக்கத்துத் தரகர் ஒருவர் வந்தார். மாடு தேறியிருந்தது, பால் ஐந்து லிட்டருக்குத் திரும்பியிருந்தது. நோய் வந்ததை மறைக்காமல் சொல்லிப் புதிய தாளையும் காட்டினேன். அதில் ஆன்டிபாடி இன்னும் பாசிட்டிவ் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னும் சீக்கு இருக்குதுங்களே அம்மா" என்று அவர் எழுந்துவிட்டார். கிருமி அழிந்த பிறகும் ஆன்டிபாடி பல மாதங்கள் இரத்தத்தில் நிற்கும், குணமானதா என்று அறிய அந்தப் பரிசோதனை உதவாது, பிசிஆர் நெகட்டிவ் என்பதைப் பாருங்கள் என்று விளக்கியும் அவர் மனம் ஒப்பவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சொல் என்னையும் அப்படித்தான் கலங்கடித்தது.

நான்காம் மாதம் மீண்டும் நான்கு குழாய்கள் சென்றன. சீரத்தை எத்தனை மடங்கு வரை நீர்க்கச் செய்தால் நீலம் இன்னும் திரள்கிறது என்று பார்க்கும் கணக்கில், முதலில் 32 மடங்கு வரை திரண்ட செவலை 8 மடங்கோடு நின்றது. லட்சுமியும் இறங்கியிருந்தது. கன்றின் துளியில் நீலம் திரளாமல் அட்டை முழுவதும் சீராகப் பரவி நின்றது.