லேபிளில் இல்லாத மருந்து

உணவுப் பாதுகாப்பு அலுவலராக நான் அதிகம் கையாண்டது எண்ணெய், பால், கருவாடு. பாம்பன் சின்னப்பாலத்தில் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் ஓர் அம்மாதான் எடை குறைக்கும் பவுடரை முதன்முதலில் என் கையில் கொடுத்தார். மூட்டு வலிக்கு எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். மகளிர் குழுவில் பழகிய பெண் ஒருத்தி ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு அந்த டப்பாவைக் கொடுத்திருக்கிறாள்.

"பசியே இல்லை சார். ராத்திரி தூக்கமும் இல்லை. தண்ணீருக்குள் மூச்சடக்கினால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது" என்றார்.

எனக்குக் கை சில்லிட்டது. பசியை அடக்கும் சிபுட்ரமின் என்ற மருந்து ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றும். இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டியதால் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது விலக்கப்பட்டது. இந்தியாவில் 2011-இல் தடை வந்தது. அதற்குப் பிறகும் 'மூலிகை' என்று விற்ற எடைக்குறைப்புப் பொருள்களில் அது ஒளிந்திருப்பதை அமெரிக்க அதிகாரிகள் பலமுறை கண்டிருக்கிறார்கள். இந்த டப்பாவிலும் 'முழுக்க மூலிகை, பக்க விளைவே கிடையாது' என்றுதான் இருந்தது. 14 இலக்க உரிம எண் இல்லை. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற எச்சரிக்கையும் இல்லை. 2016-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இதுபோன்ற பவுடர், மாத்திரை வடிவத் துணை உணவு எதிலும் அந்த வரி இருந்தாக வேண்டும்.

திறந்த டப்பா வழக்குக்கு உதவாது. விற்ற பெண்ணின் வீட்டில், சாட்சி வைத்து, விலை கொடுத்து, மூடிய டப்பாக்களை வாங்கினேன். நான்கு பங்காக்கி முத்திரையிட்டு, ஒன்றைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பினேன். பதினான்கு நாளில் வந்த அறிக்கை 'தவறான லேபிள்' என்றது. அதற்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் நான் தேடியது லேபிள் குற்றத்தை அல்ல. சிபுட்ரமினைத் தனியாகச் சோதிக்கும்படி நான் குறிப்பிட்டு எழுதவில்லை. அதனால் அந்தச் சோதனை நடக்கவில்லை. நான் எழுதாமல் விட்டது இன்றும் என்னை உறுத்துகிறது. பவுடரில் அது இருந்ததா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. எழுதியிருப்பதைச் சரிபார்ப்பதில் நாங்கள் தேர்ந்தவர்கள். எழுதாமல் மறைத்ததைக் கண்டுபிடிக்க, எதைத் தேட வேண்டும் என்று முதலில் ஒருவர் சொல்லியாக வேண்டும். அதைச் சொன்னது ஆய்வகம் அல்ல, அந்த அம்மாவின் நெஞ்சு.

அடுத்த மாதிரிகளில் படபடப்பு, தூக்கமின்மை என்று புகாரை அப்படியே கடிதத்தில் எழுதி, தேட வேண்டிய மருந்தின் பெயரையும் குறித்தேன். பாசி காயவைக்கும் இடங்களுக்குப் போனால், பெண்கள் என்ன பவுடர் குடிக்கிறார்கள் என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டது.

அந்த அம்மா பவுடரை நிறுத்தினார். சில நாளில் தூக்கம் வந்தது என்றார். பின்னொரு நாள் ஈரக் கையோடு கரையேறியவர் என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"பாதி டப்பா மீதி இருக்கிறதே சார், என் பணம் திரும்ப வருமா?"