தலைக்கு வைத்த எண்ணெய்

தேவனாம்பட்டினம் பீச்சில் சுண்டல் வாங்கிக்கொண்டு திரும்பினால், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன் நிற்கிறான். “என்ன மாப்ள, ஏலியன் எதுனா மாட்டுச்சா?” லீவுக்குக் கடலூர் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார்கள். இல்லை என்று சொன்னால் வேலை போனவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். இந்த முறை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது, ஏனென்றால் வேறு கிரகங்களில் உயிரின் தடம் தேடும் கருவி செய்கிற என் வேலையில் முக்கால்வாசி பாத்திரம் கழுவுவதுதான்.

வீட்டில் கருவாட்டுக் குழம்புக்கு என்று அம்மா ஒரு மண்சட்டி தனியாக வைத்திருக்கிறாள். அதில் பால் காய்ச்சினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நான் செய்கிற கருவியும் அந்தச் சட்டி மாதிரிதான், ஒருமுறை உள்ளே போனதன் வாடையை லேசில் விடாது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று பெயர். பாறைப் பொடியைச் சூடாக்கினால் வரும் ஆவியை எலக்ட்ரானால் அடித்து உடைத்து, உடைந்த துண்டுகளை எடை வாரியாகப் பிரித்துக் காட்டும். அந்த எடைகள் எங்களுக்கு மனப்பாடம். 18 என்றால் தண்ணீர், 44 என்றால் கார்பன் டை ஆக்ஸைடு. 28, 32, 40 மூன்றும் சேர்ந்து எழும்பினால் நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான், அதாவது எங்கோ ஒரு மூட்டில் வெளிக்காற்று கசிகிறது, ஒவ்வொரு மூட்டாக ஹீலியத்தைப் பீய்ச்சி ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். 149 வந்தால் பிளாஸ்டிக், யாரோ எதையோ கிட்டே கொண்டுவந்துவிட்டார்கள். தெருமுனையில் வரும் பைக் சத்தத்தை வைத்தே இது யார் வீட்டு வண்டி என்று சொல்வோமே, அந்த மாதிரி.

கழுவி முடித்ததும் மொத்தத்தையும் அலுமினியத் தாளில் சுற்றி 150 டிகிரியில் இரண்டு நாள் சுட வைப்போம், சுவரில் ஒட்டியிருக்கும் ஈரமும் எண்ணெய்ப் பசையும் போகட்டும் என்று. அப்புறம் உள்ளே ஒன்றுமே போடாமல் காலிக் கிண்ணத்தை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். காலிக் கிண்ணத்தில் எதுவும் தெரியக்கூடாது. இதில் தேறாத கருவி வேறு எதைக் கண்டுபிடித்தாலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

சில வருடங்களுக்கு முன்னால் பொங்கல் முடிந்து கிளம்பும்போது, தலை பரட்டையாகக் கிடக்கிறது என்று அம்மா உள்ளங்கை நிறைய செக்குத் தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்த்துவிட்டதோடு பெட்டியில் ஒரு பாட்டிலையும் வைத்துவிட்டாள். சமர்த்தாகத் தினமும் தேய்த்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்துக் காலிக் கிண்ண ஓட்டத்தில், ஒன்றும் இருக்கக்கூடாத இடத்தில் அழகான ஒரு முகடு. 60, 73, தூரத்தில் 200. கொழுப்பு அமிலம், 12 கார்பன். சற்றுத் தள்ளிச் சிறியதாக இன்னொன்று, 228, அது 14 கார்பன். நடுவில் 13 இருக்க வேண்டிய இடம் காலி.

இந்த 13 இல்லாததுதான் விஷயம். செல்கள் கொழுப்பு அமிலத்தைக் கட்டும்போது இரண்டிரண்டு கார்பனாகச் சேர்த்துக் கட்டுகின்றன, அதனால் 12, 14, 16, 18 என்று இரட்டைப்படையாகவே குவியும். உயிர் இல்லாத வேதியியலுக்கு அந்த ஒழுங்கு கிடையாது, எல்லா நீளத்திலும் கலந்துகட்டிச் செய்துவைக்கும். செவ்வாயிலோ வியாழனின் நிலவு யூரோப்பாவிலோ நாங்கள் எதைப் பார்க்கத் தவம் கிடக்கிறோமோ, அதே ஒழுங்கு என் காலிக் கிண்ணத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அரை நாள் ஆளாளுக்குத் திரையை எட்டிப் பார்த்தார்கள். பம்ப் எண்ணெயா, கழுவிய ஆல்கஹாலா என்று பட்டியல் போட்டோம். எங்களுடன் இருந்த வயதான டெக்னீஷியன் அம்மா ஒருவர் திரையைப் பார்க்காமல் என் தலையைப் பார்த்தார். “முடிக்கு என்ன போடுகிறாய்?”

தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம், 12 கார்பன். (எண்ணெயில் அது கிளிசராலோடு கட்டுண்டுதான் இருக்கும், ஆனால் தலைத்தோலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் உடைத்துக் கொடுத்துவிடும். அந்த வகையில் உயிரைக் கண்டுபிடித்தது என்னவோ நிஜம்.) தொப்பியைச் சரிசெய்த கையுறையோடு கிண்ணத்தைத் தொட்டிருக்கிறேன், அவ்வளவுதான். பிரித்து, கழுவி, சுட்டு, மறுபடி மூடச் சரியாகப் பதினேழு நாள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

இதனால் எல்லாவற்றையும் நம் அழுக்கு என்று ஒதுக்கிவிட்டாலும் ஆபத்துதான். 1976இல் நாசாவின் வைக்கிங் கலங்கள் செவ்வாயின் மண்ணைச் சுட்டுப் பார்த்தபோது குளோரோமீத்தேன், டைகுளோரோமீத்தேன் என்று குளோரின் ஒட்டிய எளிய சேர்மங்கள் கொஞ்சம் வந்தன. பூமியில் கருவியைக் கழுவிய திரவத்தின் மிச்சம் என்று முடிவு செய்தார்கள். அந்த இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாயின் மண்ணில் பெர்குளோரேட்டைக் கண்டது, நம் தீபாவளி வாணங்களில் எரிய ஆக்சிஜன் கொடுப்பதற்காகப் போடுகிறார்களே, அந்த உப்பு வகை. கரிமப் பொருளோடு சேர்த்து அதைச் சூடாக்கினால் கரிமத்தை எரித்துவிட்டு இதே குளோரின் சேர்மங்களை விட்டுவைக்கும். அப்படியானால் 1976இல் பார்த்தது செவ்வாயின் சொந்தச் சரக்காகவும் இருந்திருக்கலாம். 32 வருடம்! அந்தக் கருவியைச் செய்தவர்களில் எத்தனை பேர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார்கள் என்று யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது. இந்தத் துறையில் காலமே வேறு கணக்கு. செவ்வாயில் இரண்டு மீட்டர் ஆழத்துக்குத் துளைபோடும் ஐரோப்பாவின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தி 2018இல் போயிருக்க வேண்டியது, 2020 ஆனது, 2022 ஆனது, இப்போது 2028 என்கிறார்கள்.

2025 மார்ச்சில், செவ்வாயில் ஓடும் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்திக் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. 2013இல் ஒரு பழைய ஏரிப்படுகையில் துளைத்தெடுத்த, சுமார் 370 கோடி வருடப் பழமையான களிமண் பாறையில் 10, 11, 12 கார்பன் கொண்ட நீள் சங்கிலிகள். அவை கொழுப்பு அமிலங்களிலிருந்து உடைந்து வந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள், அந்த அமிலங்களில் ஒன்று டோடெகனாயிக் அமிலம். அது வேறொன்றுமில்லை, லாரிக் அமிலத்தின் இன்னொரு பெயர். படித்ததும் கை தானாகத் தலைக்குப் போனது. உயிர் என்று அவர்கள் சொல்லவில்லை, உயிரில்லாமலும் அந்தச் சங்கிலிகள் உருவாகலாம். மற்றவர்கள் முடிவுரையைப் படித்திருப்பார்கள், நான் முதலில் தேடியது காலிக் கிண்ணத்தில் என்ன வந்தது என்ற பகுதியை. அந்தக் கருவிக்குள் ஆரம்பத்திலேயே ஒரு வேதித் திரவம் கசிந்துவிட்டது, அதன் வாடையைக் கழித்துக் கழித்துத்தான் இத்தனை வருடமாகக் கணக்குப் பார்க்கிறார்கள். அவர்களுடைய பொறுமை எனக்கு இல்லை.

இந்த லீவில் ஒரு வேலை வைத்திருந்தேன். இலைகளின் மேல்பூச்சு மெழுகில், கொழுப்பு அமிலத்திலிருந்து ஒரு கார்பன் கழன்றுவிடுவதால், சங்கிலிகள் ஒற்றைப்படையாக வரும், 27, 29, 31 என்று. மக்கிய தாவரத்திலிருந்து வந்த பழுப்பு நிலக்கரியிலும் பொதுவாக அந்தச் சாயல் தெரியும். உயிர் இருந்த தடம் கருவியில் எப்படித் தெரிகிறது என்று சோதித்துப் பார்க்க நல்ல சரக்கு, அதுவும் பக்கத்திலேயே நெய்வேலியில். அங்கே இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டு, கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு போதும், கை படாமல் அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுங்கள், தயவுசெய்து பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். “இதுக்காடா உனக்குச் சம்பளம் தர்றான்?” என்றார்.

நேற்று மாமாவே பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தார். அலுமினியத் தாளில்தான் சுற்றியிருந்தார், பாவம், நான்கு மடிப்பு. தாள் கிழிந்துவிடக்கூடாதே என்று உள்ளே முதலில் ஒரு கேரிபேக்கில் போட்டு முடிச்சுப் போட்டிருந்தார்.

149.