குரும்பட்டி, ஈர்க்கு, பலூன்: மூலக்கூறு வடிவம் செஞ்சு பாத்தன்

போன கிழம அக்காட மகள் ஏ.எல். கொப்பியோட வந்து "மாமா, மெதேன்ல நடுக் காபனச் சுத்தி நாலு ஐதரசனும் சதுர மூலையில நிண்டா 90 பாகைதானே, ஏன் 109.5 எண்டு கிடக்கு" எண்டு கேட்டாள். கடதாசில கீறிப் பாத்தா அப்பிடித்தான் தோணும். வளவுக்க கிடந்த குரும்பட்டியில ஈர்க்கு குத்தி நான்முகி (நாலு முக்கோண முகம் உள்ள உருவம்) ஒண்டு செஞ்சு குடுத்தன், வடிவாத்தான் இருந்திச்சு, ஆனா யோசிச்சா அது ஒண்டையும் காட்டல்ல, ஈர்க்கு நான் குத்தின இடத்துலதானே நிக்கும், தானாத் தள்ளாதே.

பிறகு கல்லடியில பலூன் வாங்கி ரெண்டு ரெண்டா முடிஞ்சு, ரெண்டு சோடியையும் நடுவுல முறுக்கினன். மேசைல சதுரமா அமத்திப் பிடிச்சிட்டுக் கைய எடுத்தன், கிறீச்செண்டு உரசிக்கிட்டு எழும்பி நாலும் நான்முகியா நிண்டிச்சு. அணுவச் சுத்தி நிக்கிற இலத்திரன் சோடியும் இதத்தான் செய்யுது, எல்லாம் மறை ஏற்றம், ஒண்ட ஒண்டு தள்ளி ஏலுமான தூரத்துக்கு விலகி நிக்கும். 1957ல இரசாயனவியலாளர் கில்லெஸ்பியும் நைஹோமும் விரிவாச் சொன்ன கொள்கை இதுதான், 1940லயே சிட்ஜ்விக்கும் பவெலும் தொடங்கி வச்சது.

தண்ணிதான் எனக்குப் பிடிச்சது. ஒட்சிசனச் சுத்தி நாலு சோடி, அதுல ரெண்டு ஐதரசனோட சேக்கிற பிணைப்புச் சோடி, மத்த ரெண்டும் ஒண்டோடயும் சேராத தனிச்சோடி. பிணைப்புச் சோடிய ரெண்டு கரு பிடிச்சி இழுக்குது, தனிச்சோடிக்கு ஒரு கருதான், அதால அது பரந்து கூட இடம் பிடிக்கும். தனிச்சோடிக்கு ரெண்டு கறுப்பு பலூன நல்லா ஊதி, ரெண்டு சிவப்பக் கொஞ்சமா ஊதிக் கட்டி, சிவப்பு நுனில சின்னக் குரும்பட்டி ஒட்டினன், அதான் ஐதரசன். ரெண்டு சிவப்புக்கும் இடையில பாகைமானி வச்சா 100க்குக் கிட்ட வந்திச்சு. உண்மையில 104.5, பலூன்ல அந்தக் கணக்கு வராது, ஆனா கோணம் சுருங்கிறது கண்ணுக்குத் தெரியுது. அமோனியால ஒரு தனிச்சோடிதான், அதுக்கு 107.

வடிவத்துக்குப் பேர் வைக்கேக்க தனிச்சோடிய எண்ண மாட்டம், அணு நிக்கிற இடம் மட்டும்தான் கணக்கு. ஆனா அந்தக் காணாத ரெண்டும் இல்லாட்டித் தண்ணி நேர்கோடா நிண்டிருக்கும், ரெண்டு பக்க முனைவும் (பிணைப்புல ஏற்றம் ஒரு பக்கம் சாயுறது) ஒண்ட ஒண்டு வெட்டிப்போகும், உப்பு இப்பிடிக் கரையாது, எங்கட வாவித் தண்ணி வாயில கரிக்காது.

இப்ப ஆறு பலூன் கட்டுறன், செனன் நாற்புளோரைட்டுக்கு. தனிச்சோடி ரெண்டும் மேலயும் கீழயும், நாலு புளோரினும் ஒரே தளத்துல, 90 பாகை. அவள் கேட்ட சதுரம் இங்கதான் இருக்கு. கறுப்பு ஒண்டு வெடிச்சிட்டு, நாளைக்கு வாங்கிக் கட்டிட்டு அவளக் கூப்பிடணும்.